மேற்குத் தடத்தின் இரண்டு தாங்கிகள்

பூங்கா அலுவலகத்தின் பதிவுப் புத்தகத்தில் கதிர்காமநாதன் எழுதியது ஒரே ஒரு வரிதான். மூன்று பேர், ஏரிகளைச் சுற்றும் பாதை, மாலை நாலு மணிக்குத் திரும்புவோம். எழுத்துகள் அச்சில் வார்த்தது போல நின்றன. ரேஞ்சர் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தப் புத்தகத்தில் இப்படி ஒரு கையெழுத்தை நான் கண்டதில்லை" என்றார். கதிர்காமநாதனுக்கு உள்ளூரக் குளிர்ந்தது.

கையெழுத்துதான் அவனுக்குச் சோறு போட்டது. கொக்குவிலில் பிறந்து, கொழும்பில் நில அளவைத் திணைக்களத்தில் பன்னிரண்டு வருடம் படம் வரைந்து, 1973இல் மனைவி பவளத்துடன் மெல்பர்னுக்கு வந்தவன். வந்த இரண்டாம் மாதமே ஒரு சின்ன வரைபடக் கம்பனியில் வேலை கிடைத்தது. வாகனக்காரர்களுக்கான படங்கள், பெட்ரோல் நிலையங்களிலும் பத்திரிகைக் கடைகளிலும் மடித்து விற்கிறவை. கீழே விளக்கு எரியும் கண்ணாடி மேசையில் பூச்சுப் பூசிய படலத்தை விரித்து, ஊசிமுனையால் பூச்சைக் கீறிக் கீறிக் கோடுகளை எடுக்கவேண்டும். கை ஒரு மயிரளவு நடுங்கினால் அரைநாள் வேலை போய்விடும். கதிர்காமநாதனின் கை நடுங்கியதில்லை. விக்டோரியா மாநிலத்தின் வடமேற்கு மூலையில் இருக்கும் பாலை நிலம் முழுவதையும், மணல்மேடு மணல்மேடாக, அவன்தான் கீறினான். ஆனால் சன்ஷைன் புறநகரில் இருந்த தன் வீட்டிலிருந்து மேற்கே பல்லாரட்டுக்கு அப்பால் அவன் காலடி வைத்ததில்லை.

1977ஆம் வருடம் மெல்பர்ன் கப் குதிரைப் பந்தய விடுமுறைக்கு அந்தப் பாலைக்கே போகலாம் என்று சொன்னவர் கல்யாணசுந்தரம். கும்பகோணத்துக்காரர், ஐம்பத்தேழு வயது, கிளேட்டனில் உள்ள பல்கலைக்கழகத்தில் உலோகவியல் விரிவுரையாளர். மனைவி இறந்த பிறகு சனிக்கிழமைகளில் பவளத்தின் கைச்சாப்பாட்டுக்கு வந்துவிடுவார். வைப்பர்ஃபெல்ட் தேசியப் பூங்காவில் ஒரு காட்டுக்கோழி மண்ணையும் சருகையும் இடுப்புயரத்துக்குக் குவித்து, அந்தச் சூட்டில் முட்டைகளைப் பொரிக்க வைக்கிறது என்று பத்திரிகையில் படித்திருந்தார். அதைப் பார்த்தே ஆகவேண்டும் என்றார். கார் அவருடைய ஹோல்டன். நெடுந்தூரம் ஓட்ட அவருக்குப் பிடிக்காது, ஓட்டியது கதிர்காமநாதன். பவளம் ஆஸ்பத்திரித் தாதி. மூன்று நாள் லீவு எடுத்திருந்தாள்.

ரெயின்போ என்ற சின்ன ஊரில் தங்கி, ஞாயிறு காலை எட்டு மணிக்குப் பூங்காவுக்கு வந்தார்கள். ரேஞ்சர் வெயிலில் காய்ந்த முகம் உள்ள, அவசரப்படாத மனிதர்.

"இந்தக் காலத்துக்கு இது பொல்லாத வெயில். இன்று முப்பத்தெட்டைத் தாண்டும். வடக்குக் காற்று வேறு. நெருப்புத் தடை போட்டிருக்கிறது. வண்டி எங்காவது நின்றுவிட்டால் வண்டியை விட்டு நகராதீர்கள். புத்தகத்தில் எழுதிய பாதையில்தான் நான் தேடி வருவேன்."

"ஏரிப்பாதைதான்" என்றான் கதிர்காமநாதன். சொன்னபோது அது பொய்யில்லை.

ஏரிகள் என்று பெயர்தானே தவிர, தண்ணீர் இல்லை. வெள்ளை மடுக்களாகக் காய்ந்து கிடந்தன. கரையில் மட்டும் பெரிய சிவப்புக் கோந்து மரங்கள், யூகலிப்டஸ் இனம். கங்காருக்கள் நிழலில் படுத்திருந்தன. பாதை வடமேற்கே வளைந்த இடத்தில், புதர்களுக்கு நடுவே ஒரு இடைவெளி தெரிந்தது. பழைய சக்கரத் தடம் ஒன்று மேற்கே போயிற்று. கதிர்காமநாதன் காரை நிறுத்திப் படத்தை விரித்தான். இதோ, அவனுடைய புள்ளிக்கோடு. ஒன்பதாவது மைலில் ஒரு நீலப்பொட்டு, நீர்த்தாங்கி. அதற்கப்பால் ஏழு மைலில், பாலையின் மறுபக்கத்து நெடும்பாதை ஓரத்தில், இன்னொரு நீலப்பொட்டு.

"இந்தக் கோட்டை எடுக்க எனக்கு ரெண்டு நாள் பிடிச்சது" என்றான். "ஒருக்கா போய்ப் பாப்பம் சேர். கோழியும் அந்தப் பக்கம்தான் இருக்கும்."

"உங்க ரோடு. நீங்க கூட்டிட்டுப் போனா சரிதான்" என்று சிரித்தார் கல்யாணசுந்தரம்.

பவளம் பின்சீட்டில் இருந்தாள். "புத்தகத்தில ஏரியெண்டுதானே எழுதினனீங்கள்?"

"ரெண்டு மணித்தியாலத்தில திரும்பிடுவம் பவளம். ஆர் வந்து தேடப் போகினம்?"

அங்கேயே ஒரு பைன் மரத்தடியில் இடியப்பமும் சம்பலும் சாப்பிட்டார்கள். பவளம் கோப்பைகளைக் கடதாசியால் துடைத்து வைக்கப் போனாள். அவன்தான் தண்ணீர்க் கானை எடுத்துச் சரித்து, "வடிவாக் கழுவும். தாங்கியில நிரப்பிக்கொள்ளலாம்" என்றான். கை கழுவ, கோப்பை கழுவ, ரேடியேட்டருக்கு ஊற்ற என்று பத்து லீட்டர் கான் மெல்ல மெல்ல இளைத்தது.

தடம் முதல் ஐந்து மைல் நன்றாக இருந்தது. பிறகு மணல்மேடுகள் தொடங்கின. ஒவ்வொரு மேட்டையும் ஓடி ஏறி, மறுபக்கம் வழுக்கி இறங்கவேண்டியிருந்தது. தடம் இருக்கிறதா இல்லையா என்று பார்க்கக் கல்யாணசுந்தரம் இரண்டு முறை இறங்கி நடந்தார். "திரும்புவமே" என்று பவளம் கேட்டாள். திருப்புவதற்கு இடமில்லை. இருந்தாலும் அவன் திருப்பியிருக்க மாட்டான். கோடு சரியாக வருகிறது, தாங்கி இன்னும் ஒன்றரை மைல்தான் என்று அவன் மனம் கணக்கிட்டுக்கொண்டிருந்தது.

எட்டாவது மைலுக்குச் சற்று முன்னால், இரண்டு மேடுகளுக்கு நடுவே இருந்த பள்ளத்தில் கார் புதைந்தது. கதிர்காமநாதன் மிதித்தான். பின்சக்கரங்கள் மணலை வாரியிறைத்து இன்னும் கீழே போயின. கொப்புகளை முறித்துச் சக்கரத்துக்கு அடியில் போட்டார்கள். மற்ற இருவரும் தள்ள, அவன் மறுபடியும் மிதித்தான். மூன்றாவது முறை ஒரு கருகல் நாற்றம் வந்தது. அதன்பிறகு எஞ்சின் இரைந்தது, சக்கரம் அசையவில்லை.

"கிளச் போச்சு" என்றார் கல்யாணசுந்தரம். நேரம் பதினொன்றே கால்.

பவளம் உடனே இருந்ததை எல்லாம் நிழலில் எடுத்து வைத்தாள். "தண்ணி ரெண்டு லீட்டர் வரும். ஃபிளாஸ்கில தேத்தண்ணி. மூண்டு தோடம்பழம்." ஆஸ்பத்திரியில் அடுத்த ஷிப்டுக்காரிக்கு விவரம் சொல்கிற அதே குரல்.

கதிர்காமநாதனுக்கு அப்போதும் பெரிய பயமில்லை. இருந்த தண்ணீரைப் போத்தல்களில் ஊற்றிக் கொடுத்துவிட்டு, வெறும் கானுடன் தாங்கியை நோக்கி நடந்தான். முப்பத்தைந்து நிமிடம். வெயில் மண்டையில் கல்லை வைத்தது போல அழுத்தியது. புதர்களின் சிறுத்த இலைகளுக்கு நிழல் என்ற ஒன்றே இல்லை. மூன்றாவது மேட்டின் உச்சியில் ஏறியபோது, படத்தில் நீலப்பொட்டு இருந்த அதே இடத்தில், ஒரு தகரம் தெரிந்தது. சரியாக அதே இடத்தில். ஒரு கணம் அவனுக்குப் பெருமைகூட வந்தது.

கிட்டப் போனான். மரக்கால்கள் உக்கி முறிந்து, தாங்கி பக்கவாட்டில் விழுந்து கிடந்தது. துரு தின்ற தகரம் சல்லடையாகியிருந்தது. உள்ளே மணல். வெயில் ஓட்டைகள் வழியாக உள்ளே புள்ளி புள்ளியாக விழுந்தது. இது ஒரு கோடையில் காய்ந்ததல்ல, ஐந்து கோடையிலும் அல்ல. முப்பது வருடமாக இதில் தண்ணீர் நின்றிருக்காது.

அப்போதுதான் அந்தச் சொல் அவன் நினைவுக்கு வந்தது.

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு மத்தியானம். உலகப் போருக்கு முந்திய பழைய வரைபடத் தாளைப் பார்த்துப் புதிய தாளைக் கீறிக்கொண்டிருந்தான். பழைய தாளில் அந்த இரண்டு நீலப்பொட்டுகளின் பக்கத்திலும் சரிந்த சின்ன எழுத்தில் ஒரே ஒரு ஆங்கிலச் சொல் இருந்தது. கைவிடப்பட்டது என்று அர்த்தம். புதிய தாளில் அந்த இடம் நெருக்கடி: பூங்காவின் எல்லைக்கோடு, தடத்தின் எண், மணல்மேட்டு வரைகள். சொல்லை எங்கே ஒட்டினாலும் ஏதோ ஒன்றின் மேல் ஏறியது. அசிங்கமாகத் தெரிந்தது. மேற்பார்வையாளரிடம் கேட்கலாம் என்றால் அவர் சாப்பிடப் போயிருந்தார். கதிர்காமநாதன் காத்திருக்கவில்லை. சொல்லை விட்டுவிட்டான். பொட்டுகளை மட்டும் வைத்தான். தாள் துப்புரவாக வந்தது. எல்லோரும் பாராட்டினார்கள்.

காருக்குத் திரும்பி வந்தபோது அவன் உதடு வெடித்திருந்தது. இருவரும் அவன் கையில் இருந்த கானைப் பார்த்தார்கள். கான் காற்றில் ஆடியது.

"காய்ஞ்சு போச்சு சேர்" என்றான். "இந்த வெயில்தானே."

அது பொய். சொல்லி முடித்த கணத்திலேயே அது பொய் என்று தெரிந்தது. திருத்தத் தோன்றவில்லை.

பவளம் காரின் தென்புறத்தில் போர்வையைக் கட்டி நிழல் செய்திருந்தாள். கல்யாணசுந்தரத்தை அதன் கீழ் படுக்க வைத்து நாடி பார்த்தாள். அவர் ரத்த அழுத்தத்துக்குத் தினமும் நீர் பிரிக்கும் மாத்திரை எடுப்பவர். காலையிலும் எடுத்திருந்தார். "இனி அதைத் தொடக்கூடாது சேர்" என்று மாத்திரைப் போத்தலை வாங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். தண்ணீரில் பெரும்பங்கை அவருக்குக் கொடுத்தாள். தனக்கும் கணவனுக்கும் மூடியால் அளந்தாள். கதிர்காமநாதன் ரேடியேட்டரைத் திறக்கப் போனபோது, கல்யாணசுந்தரம் படுத்தபடியே கையை ஆட்டினார்.

"வேணாம். துருப் பிடிக்காம இருக்க நான்தான் மருந்து கலந்து வச்சேன். குடிச்சா அதுவே கொன்னுடும்."

மூன்று மணிக்குக் காற்று உலைவாயிலிருந்து வருவது போல வந்தது. புகை எழுப்பினால் யாராவது பார்ப்பார்கள் என்று கல்யாணசுந்தரம் சொன்னார். கதிர்காமநாதன் சுற்றிலும் பார்த்தான். பந்து பந்தாய் உலர்ந்த முள்ளுப்புல், எண்ணெய் ஊறிய இலைகள். இந்தக் காற்றில் ஒரு பொறி விழுந்தால் மூன்று பேரும் காருடன் கரியாவார்கள். வேண்டாம் என்றான். அதைச் சொல்லவாவது தனக்கு அறிவிருந்ததே என்று நினைத்துக்கொண்டான்.

நாலு மணி ஆயிற்று. ரேஞ்சர் இப்போது புத்தகத்தைப் பார்ப்பார். ஏரிப்பாதையில் போவார். வட்டத்தைச் சுற்றி வருவார். மறுபடியும் சுற்றுவார். மேற்கே ஒருவரும் வரப்போவதில்லை. மூவருக்கும் அது தெரிந்திருந்தது. 

ஐந்து மணிக்குக் கல்யாணசுந்தரம் எழுந்து உட்கார்ந்தார். முகம் சிவந்திருந்தது, பேச்சு வேகமாக இருந்தது.

"யோசிச்சுப் பார்த்தேன். கிட்ட இருக்கிற தொட்டி காஞ்சிருக்கலாம், இதை யார் கவனிப்பாங்க? ஆனா அடுத்தது ரோட்டோரம் இருக்கு. வர்றவன் போறவன் இருப்பான், ரொப்பி வச்சிருப்பான். இங்கேருந்து எட்டரை மைல். வெயில் இறங்கியாச்சு. மெதுவா நடந்தா விடியறதுக்குள்ள போயிடலாம். அங்க தண்ணியும் இருக்கும், வண்டியும் வரும்."

"காரை விட்டுப் போகக்கூடாதெண்டு ரேஞ்சர் சொன்னவர்" என்றாள் பவளம்.

"அவர் இங்க தேட மாட்டாரேம்மா. நாளைக்குப் பகல் இன்னொண்ணு இப்படி வந்தா நான் தாங்க மாட்டேன். அது உனக்கே தெரியும்."

பவளத்துக்குத் தெரிந்திருந்தது. நாடியைப் பார்த்தவள் அவள்தானே. போத்தல்களை எடுத்து மீதியை அளந்து பார்த்தாள். பிறகு கணவனிடம், "சேரைத் தனிய விடேலாது. நீங்களும் போங்கோ. நான் இதில இருக்கிறன்" என்றாள்.

கல்யாணசுந்தரம் தொப்பியை மாட்டிக்கொண்டு, கானை எடுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார். கதிர்காமநாதன் பின்னால் போனான். பத்து அடி. இருபது அடி. கூடப் போகலாம், ஒன்றும் சொல்லாமல் போய்க்கொண்டே இருக்கலாம் என்று அவன் மனம் சொல்லிற்று. வழியில் யாராவது வந்தாலும் வரலாம். அந்தப் பொட்டில் ஒருவேளை யாராவது புதுத் தாங்கி வைத்திருக்கலாம். இல்லையென்றால் இவர் வழியிலேயே விழுவார், நானும் விழுவேன், பவளம் இங்கே தனியாக இருப்பாள். ஆனால் அந்தச் சொல்லை நான் விட்டேன் என்பது யாருக்கும் தெரியாது. அந்த நினைப்பு எவ்வளவு இலகுவாக வந்தது என்பது பிற்காலத்தில் எத்தனையோ முறை அவனைத் திடுக்கிட வைத்தது.

மேட்டின் அடிவாரத்தில் அவன் நின்றான்.

"சேர், போகாதேங்கோ. அங்கயும் தண்ணி இல்லை."

கல்யாணசுந்தரம் திரும்பினார். "பார்க்காம எப்படிச் சொல்றீங்க?"

"பழைய படத்தில பாத்தனான். ரெண்டு தாங்கிக்கும் பக்கத்தில கைவிட்டதெண்டு எழுதியிருந்தது. நான்தான் அதைப் போடேல்லை."

"ஏன்?"

"தாளில இடம் காணேல்லை."

கல்யாணசுந்தரம் கானைக் கீழே வைத்தார். கோபப்படுவார் என்று கதிர்காமநாதன் காத்திருந்தான். அவர் அவனையே பார்த்தார். பரீட்சைத் தாளில் கடைசி வரியில் பிழை கண்டவர் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு அங்கேயே, மணலில், உட்கார்ந்துவிட்டார்.

பவளத்துக்கு எல்லாம் கேட்டிருந்தது. அவள் எழுந்து வந்து கல்யாணசுந்தரத்தைத் தோளில் தாங்கி நிழலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அவரைப் படுக்க வைத்து, கழுத்துக்கு ஈரத்துணி வைத்த பிறகுதான் கணவன் பக்கம் திரும்பினாள்.

"கோப்பையைக் கழுவச் சொன்னனீங்கள்" என்றாள். அவ்வளவுதான்.

இரவில் கல்யாணசுந்தரம் இறந்துபோன மனைவியோடு பேசினார். பவளம் ஒரு கணமும் கண் மூடாமல் கரண்டியால் தேநீரை அவர் வாய்க்குள் விட்டுக்கொண்டிருந்தாள்.

விடிய முன்னம் காற்று செத்துப்போயிருந்தது. கதிர்காமநாதன் மாற்று டயரை எடுத்து, மணல்மேட்டின் உச்சிக்கு உருட்டினான். நாலு முறை அது கீழே ஓடி வந்தது. ஐந்தாவது முறை தோளால் முட்டி ஏற்றினான். உச்சியில் புல் பூண்டு இல்லாத ஒரு மொட்டை இடம் இருந்தது. சக்கர மூடியால் சுற்றிலும் தோண்டிக் குழி ஆக்கினான். கையில் பட்ட சருகு, வேர், குச்சி ஒவ்வொன்றையும் பொறுக்கித் தூர எறிந்தான். பவளமும் ஏறி வந்து மறுபக்கத்தைத் துப்புரவாக்கினாள். பெட்ரோல் தொட்டியின் வாய்க்குள் கம்பியால் விட்டு நனைத்த துணியை டயருக்குள் வைத்து, அவள் கொண்டுவந்த தீப்பெட்டியைத் தட்டினான்.

ரப்பர் சோம்பலாகப் பிடித்தது. பிறகு கரும்புகை நேராக, தூண் மாதிரி, எழுந்தது. இருவரும் ஆளுக்கொரு பக்கம் நின்று, விழுகிற ஒவ்வொரு கங்கையும் மணலால் மூடினார்கள். ஏழு மணிக்கு இலைகள் அசையத் தொடங்கின. புகை தெற்கே சாய்ந்தது. இனி விட்டால் ஆபத்து. டயரில் கால்வாசிதான் எரிந்திருந்தது. இருந்தும் இரண்டு பேரும் வெறுங்கையால் மணலை அள்ளி அள்ளி அதை மூடி அணைத்தார்கள். மூடும்போது கதிர்காமநாதன் அழுதான். புகைக்குத்தான் கண் எரிகிறது என்று பவளம் நினைத்திருக்கலாம். அவள் கண்ணும் எரிந்தது.

தண்ணீர் எட்டு மணிக்கு முடிந்தது. கடைசித் தோடம்பழத்தைப் பிழிந்து கல்யாணசுந்தரத்தின் நாக்கில் விட்டாள். அவருக்கு அவர்கள் யாரென்று தெரியவில்லை. ஒன்பதரை மணிக்கு ஒரு எஞ்சின் சத்தம் கேட்டது, நின்றது, மறுபடியும் வந்தது. மேட்டின் மேல் ரேஞ்சரின் ஜீப் தலை காட்டியது.

ரேஞ்சர் தண்ணீர்ப் பையுடன் இறங்கிக் கல்யாணசுந்தரத்திடம் போனார். அவரை ஜீப்பில் படுக்க வைத்த பிறகே வாயைத் திறந்தார்.

"நேற்று மாலையிலிருந்து நாலு முறை ஏரிப்பாதையைச் சுற்றினேன். ஒவ்வொரு மடுவிலும் இறங்கிப் பார்த்தேன். பிணம் கிடைக்கும் என்றுதான் பார்த்தேன். மேற்கே கரும்புகை தெரியாவிட்டால் இன்றைக்கும் அங்கேதான் சுற்றியிருப்பேன். இங்கே ஏன் வந்தீர்கள்?"

கதிர்காமநாதன் படத்தை நீட்டினான். பொட்டைக் காட்டினான். எல்லாவற்றையும் சொன்னான். பழைய தாள், சரிந்த எழுத்து, நெருக்கடி, தன் பெயர். ரேஞ்சர் படத்தைத் திருப்பிப் பின்புறம் பார்த்தார்.

"இது எத்தனை பிரதி வெளியே இருக்கிறது?"

"ஒன்பதாயிரம் அடித்தோம்."

"கிறிஸ்மஸ் லீவுக்கு இன்னும் ஏழு வாரம்" என்றார் ரேஞ்சர். "பிள்ளைகளோடு வருவார்கள்."

கல்யாணசுந்தரம் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் இருந்தார். சிறுநீரகம் தப்பியது. மூன்றாம் நாள் கதிர்காமநாதன் கட்டிலருகே நின்று எதையோ சொல்லத் தொடங்கினான். அவர் கேட்கவில்லை. "நீங்க அப்பச் சொல்லலேன்னா நான் போயிருப்பேன்" என்றார். "முன்னாடியே சொல்லியிருந்தா வந்தேயிருக்க மாட்டேன். ரெண்டையும் நான் மறக்கப் போறதில்லை. இப்பப் போங்க, தூக்கம் வருது."

மெல்பர்னுக்குத் திரும்பிய மறுநாள் காலை, மேலங்கியைக்கூடக் கழற்றாமல், கதிர்காமநாதன் மேற்பார்வையாளரின் மேசைக்குப் போனான். அவர் முழுவதையும் கேட்டார். கேட்கக் கேட்க அவர் பேனாவை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார்.

"அடுத்த பதிப்பில் திருத்துவோம். எண்பதாம் ஆண்டு."

"இந்தக் கோடைக்கே ஒரு துண்டு அச்சடித்து ஒவ்வொரு படத்திலும் ஒட்டவேண்டும்."

"துண்டு ஒட்டினால் பிழையை நாமே ஒப்புக்கொண்டதாகும். நாளை யாராவது வழக்குப் போடுவான். நீயும் எழுதாத பாதையில்தானே போனாய்? வீட்டுக்குப் போ, ஓய்வெடு. இதைப் பற்றி எங்கேயும் எழுதி வைக்காதே."

மேற்பார்வையாளர் கெட்ட மனிதரல்ல. அவன் வந்த புதிதில் குளிர்கோட்டு வாங்கிக் கொடுத்தவர். அன்று மத்தியானம் வரை கதிர்காமநாதன் ஒரு கோடும் கீறவில்லை. நாலு வருடம் இருந்த வேலை. வேறு யார் எடுப்பார்கள் என்று தெரியாது. இந்த ஊரில் அவன் நிறத்து ஆளுக்கு ஒரு வேலை போனால் அடுத்தது எப்போது வரும் என்று சொல்வார் இல்லை.

அன்று மாலை குசினியில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினான். பாலைநிலத்தைச் சுற்றிய ஊர்களின் பெட்ரோல் நிலையங்கள், பத்திரிகைக் கடைகள், பொலிஸ் நிலையங்கள், பூங்கா அலுவலகம் என்று தொலைபேசிப் புத்தகத்திலிருந்து விலாசம் எடுத்தான். ஒவ்வொரு கடிதத்திலும் கையால் ஒரு சின்னப் படம்: இரண்டு பொட்டுகள், ஒவ்வொன்றுக்கும் குறுக்கே ஒரு கோடு. கீழே: இந்தத் தாங்கிகள் கைவிடப்பட்டவை, தண்ணீர் இல்லை, படத்தில் இவற்றைப் பிழையாக இட்டவன் நான். அதற்குக் கீழே தன் முழுப்பெயர்.

பவளம் அவனோடு பேசுவதை விட்டுப் பதினொரு நாளாகியிருந்தது. சாப்பாடு வைப்பாள், ஷிப்டுக்குப் போவாள், வருவாள். பன்னிரண்டாம் நாள் கதிரையை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். ஒரு கடிதத்தை எடுத்து வாசித்தாள்.

"வேலை போகும்" என்றாள்.

"ஓம்."

"தெரிஞ்சுதான் எழுதிறியளோ?"

"ஓம் பவளம்."

அவள் கடித உறைகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு விலாசம் எழுதத் தொடங்கினாள். அவள் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். அன்றைக்கு அவன் அதைத் திருத்தவில்லை.

எழுபத்து மூன்று கடிதம் போயிற்று. ஒரு கடைக்காரர் தனக்கு வந்ததைக் கம்பனிக்கு அனுப்பி விளக்கம் கேட்டார். டிசம்பர் இரண்டாம் வாரம் கதிர்காமநாதனுக்கு வேலை இல்லை என்றார்கள். மேற்பார்வையாளர் அவன் கண்ணைப் பார்க்காமல் கை கொடுத்தார். அந்தக் கோடை முழுவதும் வீட்டில் வானொலிச் செய்தி வரும்போதெல்லாம் அவன் எழுந்து போய் அருகில் நின்று கேட்பான். பாலைநிலத்தில் யாரோ காணாமற்போனார்கள் என்று ஒரு தடவை வந்தது. வேறு பாலை, வேறு மாநிலம். அன்றைக்கு அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பெப்ரவரியில் ஒரு பத்திரிகைக் கடையில் அந்தப் படத்தைக் கண்டு விரித்துப் பார்த்தான். மேற்கு மூலையில் விரலகல மஞ்சள் துண்டு ஒன்று ஒட்டியிருந்தது. கடைக்காரர் ஒட்டியதா, கம்பனி ஒட்டியதா என்று தெரியவில்லை. இன்னும் இரண்டு கடைகளில் போய்ப் பார்த்தான். அங்கும் இருந்தது.

கல்யாணசுந்தரம் நாலு மாதம் அவர்கள் வீட்டுக்கு வரவில்லை. பங்குனியில் ஒரு சனிக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல், ஒரு பை கத்தரிக்காயுடன் வந்து மணியடித்தார். பழைய விஷயத்தை யாரும் எடுக்கவில்லை. சாப்பிட்டு முடித்துவிட்டு, "எங்க பக்கத்து நகரசபையில கழிவுநீர்க் குழாய்ப் படம் வரைய ஆள் தேடறாங்க. நான் உங்க பேரைச் சொல்லியிருக்கேன். ஏன் பழைய வேலையை விட்டீங்கன்னு கேட்டா உண்மையைச் சொல்லுங்க" என்றார்.

கேட்டார்கள். சொன்னான். எடுத்துக்கொண்டார்கள்.

அந்த வேலையில் பத்தொன்பது வருடம் இருந்தான். பழைய படம் ஒன்றைப் புதுத்தாளுக்கு மாற்றக் கொடுத்தால், முதலில் இரும்புக் கோலை எடுத்துக்கொண்டு வெளியே போவான். தெருத் தெருவாக நடந்து, படத்தில் இருக்கும் ஒவ்வொரு கழிவுநீர்க் குழியின் மூடியையும் நெம்பித் திறந்து, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்த பிறகே மேசைக்கு வருவான். அலுவலகத்தில் சிரித்தார்கள், பிறகு பழகிப்போனார்கள். ஒரு வாரத்தில் முடியும் வேலைக்கு அவன் மூன்று வாரம் எடுக்கிறான் என்று தலைவர் இரண்டு முறை எழுதிக் கேட்டார். இரண்டு முறையும் அவன் மன்னிப்புக் கேட்டுப் பதில் எழுதினான், வேகத்தைக் கூட்டவில்லை.

மழைநாட்களில் முழங்கால் வரை சேறோடு வீட்டுக்கு வருவான். பவளம் கதவைப் பாதி திறந்து அவனை மேலும் கீழும் பார்ப்பாள்.

"சப்பாத்தை வெளியில கழட்டிப்போட்டு வாங்கோ" என்பாள்.